எங்கள் பூவாடைக்காரி யார்?

எங்கள் வீட்டுச் சாமிக்குப் பெயர் கிடையாது. பூவாடைக்காரி என்போம், அவ்வளவுதான். சேலம், விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் சுமங்கலியாகச் செத்துப்போன ஒரு பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற வழக்கம் இது. எங்கள் வீட்டில் அவளுக்குச் சிலை இல்லை, கோயில் இல்லை. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு புடவை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல். கல்யாணம் வந்தால் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, முதல் புடவை இவளுக்கு. பெட்டியில் இருந்த பழைய புடவையை வீட்டு மருமகள் ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொள்வாள்.

யார் இந்தப் பெண் என்று கேட்டால், "நம்ம பாட்டனைப் பெத்தவ" என்பார் அத்தை. அதாவது என் அப்பாவின் தாத்தாவைப் பெற்றவள், எனக்கு எள்ளுப்பாட்டி. பெயர் என்ன? "பூவாடைக்காரிதான்." எந்த ஊரிலிருந்து வந்தாள்? தெரியாது. எப்படிச் செத்தாள்? இங்கேதான் சண்டை. தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பிள்ளையோடு பட்டினி கிடந்து செத்தாள் என்பது அத்தையின் கட்சி. பஞ்சமெல்லாம் தாண்டிவிட்டாள், அப்புறம்தான் காய்ச்சல் கண்டு போனாள் என்பது பெரியப்பாவின் கட்சி. இரண்டு பேரும் நேரில் பார்த்தவர்கள் மாதிரிதான் பேசுவார்கள்.

பெரியப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போட்டபோது எழுதிய வம்சாவளி. ஏழு தலைமுறை, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அழகாக இருக்கும். அத்தனையும் ஆண்கள். வரி ஆண் தலைக்குத்தான் என்பதால் பெண்களை எழுதத் தேவைப்படவில்லை. அந்த நோட்டில் நானும் இல்லை, என் தம்பி இருக்கிறான். கொள்ளுத்தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் ஒரே கட்டத்திலிருந்து மூன்று அம்புகளாகப் பிரிகிறார்கள். தம்பிகள் இரண்டு பேரும் இளையதாரத்துப் பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும். நோட்டுக்குத் தெரியாது. குடும்ப மரம் என்று நாம் ஆசையாகச் சொல்லிக்கொள்வதில் முக்கால்வாசி இப்படிப் பங்காளிகளின் பங்குக் கணக்குதான் என்பது என் அபிப்பிராயம்.

பரம்பரை தேடுகிறவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்தில் அது நடக்கும். 1841 முதல் வீடு வீடாக எழுதிய தாள்களை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெயரைத் தட்டினால் சமையல்காரி முதல் தொட்டில் குழந்தை வரைக்கும் வந்துவிடும். நமக்கு 1871-ல் முதல் பெரிய கணக்கெடுப்பு, 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுவதற்கும் ஒரே நாளில் இன்னொன்று. ஆனால் கூட்டிப் பெருக்கி அட்டவணை போட்ட பிறகு வீட்டுத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. அறிக்கைகள் மட்டும் இருக்கின்றன. அப்படியே தாள்கள் மிஞ்சியிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்பது சந்தேகம்தான். வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல மறுத்தால் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள் என்பது கணக்கெடுப்பாளருக்குக் கொடுத்திருந்த உத்தரவு.

பிறப்பு இறப்புப் பதிவும் கைகொடுக்காது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல்தான் வந்தது. அதற்கு முன்பும் கிராமத்தில் முன்சீப்பும் கர்ணமும் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கட்டுகளில் பல, 1980-ல் அந்தப் பதவிகளை அரசு ஒழித்தபோது யார் வீட்டுப் பரணில் தங்கின, எந்த அடுப்புக்குப் போயின என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களைப் பார்த்தால் இந்த விஷயத்தில் பொறாமையாக இருக்கும். தரங்கம்பாடியில் 1706-லேயே மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிவிட்டார். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்கிற பெண் ஞானஸ்நானம் பெற்றது 1778-ல். ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தை எழுதும்போது தாயின் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். திருநெல்வேலிக்காரத் தோழி ஒருத்தி தன் ஆறாம் தலைமுறைப் பாட்டியைப் பங்கு ஏட்டில் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

எங்களிடம் இருந்தது ஓலையில் எழுதிய ஒரு ஜாதகம். கொள்ளுத்தாத்தாவுடையது. மஞ்சள் துணியில் சுற்றி, சாமி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார்கள். புள்ளி வைக்காத எழுத்து. குறில் எது, நெடில் எது என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். வருஷம் யுவ என்று இருந்தது. அறுபது வருஷச் சுற்றில் யுவ வருஷம் 1815-லும் வரும், 1875-லும் வரும், 1935-லும் வரும். நடுவில் இருப்பதுதான் பொருந்தும் என்று வீட்டுக் கணக்கே சொல்லிவிடும். இருந்தாலும் குருவும் சனியும் ராகுவும் நிற்கிற ராசிகளை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்; மூன்றும் சேர்ந்து அதே இடங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பலன் பொய்யாக இருக்கலாம், கிரக நிலை ஒரு தேதி.

ஆக, கொள்ளுத்தாத்தா பிறந்தது 1875-76. தாது வருஷம் 1876-77. பஞ்சம் வந்தபோது அவர் கைப்பிள்ளை என்று அத்தை சொன்னது சரிதான். அம்மா பெயர்? 'இன்னாருடைய பாரியாளிடத்தில் புருஷப் பிரஜை ஜனனம்' என்று ஓலை முடித்துக்கொள்கிறது.

பஞ்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மோசமாக அடி வாங்கிய ஜில்லாக்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கில் ஜில்லாவில் 19 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 1881-ல் 16 லட்சத்துக்கும் கீழே. பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனத்தொகை இப்படிச் சரிந்திருக்கிறது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877-ல் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியை இன்றைக்குப் படித்தாலும் வயிறு எரியும். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை, அதற்கு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். 1877 கடைசியில் மழை வந்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. பட்டினியில் உருக்குலைந்த உடம்புகளை மலேரியா அள்ளிக்கொண்டு போனது. பஞ்சச் சாவு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் பெரும்பங்கு, பஞ்சம் விட்ட பிறகு நடந்த சாவு.

அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டினேன். இரண்டு பேருமே தாங்கள் சொன்னதுதான் ஜெயித்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு சுற்றுவழி. பூவாடைக்காரிக்கு ஓர் அண்ணன் இருந்தார், 'கரும்புத் தோட்டத்துக்கு' கப்பலேறிப் போனார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கரும்புத் தோட்டம் என்றால் மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. நடுவில் 1866-லிருந்து சில வருஷம் ஆள் அனுப்புவது நின்று, 1874-ல் மறுபடி தொடங்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களை உட்கார்ந்து பார்த்தால் எழுந்திருக்க மனம் வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். ஆண்களுக்கு மட்டும் இல்லை, பெண்களுக்கும் இதெல்லாம் உண்டு. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விதி இருந்ததால் ஏஜெண்டுகள் பெண்களைத் தேடிப் பிடித்து ஏற்றினார்கள். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை என்று எழுதி வைத்திருப்பார்கள். ஊரைவிட்டு ஓடியவளை அரசாங்கம் இப்படி அங்கம் அங்கமாக எழுதியது, ஊரோடு இருந்தவளுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

அண்ணன்காரர் கிடைக்கவில்லை. சேலம் ஜில்லாவிலிருந்து போனவர்களில் அவர் பெயர் கொண்டவர்கள் ஏகப்பட்ட பேர். இவர்தான் என்று ஒருவரைக் காட்டி எழுதிவிட ஆசை வரத்தான் செய்தது. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயரும் வயதும் மட்டும் பொருந்தினால் அது சொந்தம் ஆகிவிடாது. தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து வந்தால் பேசலாம்.

கடைசியில் வழி காட்டியது ஒரு காட்டின் பெயர். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் மட்டை இல்லை, மானாவாரி நிலம். எங்கள் பழைய நிலங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பெயர் உண்டு: வேப்பமரத்துக் காடு, கெணத்து மேடு, சின்னான் காடு. அதில் ஒன்று தம்மம்பட்டிக்காரி காடு. பெரியப்பா அதைச் சொல்லும்போது யோசிக்காமல்தான் சொல்வார். யார் அந்தத் தம்மம்பட்டிக்காரி என்று ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அது சும்மா பேரு" என்றார்.

வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுகிற வழக்கம் உள்ள ஊரில் சும்மா பேரு என்று எதுவும் கிடையாது. தம்மம்பட்டியிலிருந்து வந்த ஒருத்தி பெயரில் நிலம் இருக்கிறது என்றால் அது அவளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த மஞ்சக்காணியாக இருக்க வேண்டும், அல்லது அதை விற்று வாங்கியதாக இருக்க வேண்டும். பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று கல்யாணத்தில் எழுதிக் கொடுக்கிற நிலம். புருஷன் உழலாம், விளைச்சலை அனுபவிக்கலாம், பேருக்கு அது அவளுடையது.

நிலம் என்று வந்துவிட்டால் காகிதம் இருக்கும். எழும்பூரில் காந்தி-இர்வின் சாலையில் இருக்கிற ஆவணக் காப்பகத்தில் நிலவரிக்காக எழுதிய பழைய செட்டில்மெண்ட் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. தாலுகா அலுவலகங்களிலும் சில மிஞ்சியிருக்கும். அவற்றில் வருஷம் பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டில் ஓடும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும், ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். தாது வருஷப் பஞ்சம் பசலி 1286. இது ஒன்று மனதில் நின்றால் மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னுமாக எண்ணிக்கொள்ளலாம். ரெஜிஸ்டரில் அந்தக் காடு எள்ளுத்தாத்தா பெயரில்தான் இருந்தது, மனைவி பெயர் இல்லை. ஆனால் பழைய சர்வே எண் கிடைத்துவிட்டது.

சர்வே எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகம். இப்போதெல்லாம் வில்லங்கச் சான்று வீட்டிலிருந்தே எடுக்கலாம், ஆனால் நான் தேடியபோது பல இடங்களில் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது 1975-க்குப் பிறகுதான். அதற்கு முந்தையது என்றால் மனுப் போட்டு, பணம் கட்டி, ஓர் ஆள் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பதிவுத் துறையில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர் வாரியாக, இன்னொன்று சொத்து வாரியாக. பெயர் தெரியாத பெண்ணைத் தேடுகிறவர்கள் இரண்டாவதைப் பிடிக்க வேண்டும். ஊரில் பாதிச் சொத்தின் ஜாதகத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு பத்திர எழுத்தர் இந்த விவரத்தைச் சொல்லிக் கொடுத்தார். மனு எழுதியதற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டார்.

வந்தது ஒரு விடுதலைப் பத்திரம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலத்தில் பதிவானது. பழைய எழுத்து, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, வருஷத்துக்கு ௵ என்று சுழித்துத் தள்ளியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். எழுதி வாங்கியவர் என் கொள்ளுத்தாத்தா. தம்மம்பட்டிக்காரி காட்டில் தனக்குள்ள சகல பாத்தியதையையும் ரொக்கம் பெற்றுக்கொண்டு விட்டுவிட்டதாகவும், இனி தானோ தன் வாரிசுகளோ தாவா செய்வதில்லை என்றும் அந்தப் பெண் சொல்கிறாள். கீழே கையெழுத்து இல்லை, கீறல். நூறு பெண்களில் ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அதிகம் என்கிற காலம்.

அவள் யார் என்பது முதல் வரியில் இருந்தது: காலஞ்சென்ற இன்னாருடைய குமாரத்தி. அந்த இன்னார், என் எள்ளுத்தாத்தா. கொள்ளுத்தாத்தாவுக்கு உடன்பிறந்த ஒரு அக்கா இருந்திருக்கிறாள். பெரியப்பா நோட்டின் சிவப்பு அடிக்கோடுகளில் அப்படி ஒருத்தி இல்லை. அத்தை கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்கு முன்னால் யார் யாருக்கு எந்தக் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்க மறந்தார்கள் என்பதுகூடச் சொல்லக்கூடிய ஆள் என் அத்தை. அவருக்கே தெரியவில்லை என்றால், மறந்து போனதாக நான் நம்பமாட்டேன். சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள்.

பத்திரத்தில் முன்சீப் கோர்ட் வழக்கு ஒன்றின் எண்ணும் இருந்தது. கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளைக் குறித்த காலம் கழிந்ததும் அழித்துவிடுவார்கள், அங்கே போய்ப் பிரயோஜனம் இல்லை. ஆனால் வழக்காடிய குடும்பம் டிகிரி நகலை, அதாவது கோர்ட் முடிவாக எழுதித் தந்த ஆணையின் நகலை, தூக்கிப் போடாது. சொத்து போனாலும் டிகிரி இருக்கும். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது, பட்டா நகல்களுக்கும் தேதி போன இன்சூரன்ஸ் ரசீதுகளுக்கும் கீழே, மூலையில் நூல் கோத்து, ஒரு பக்கம் பூச்சி அரித்து. கூடவே சாட்சி வாக்குமூலம் ஒன்றின் நகலும் இருந்தது.

வாதி அக்கா. பிரதிவாதிகள் கொள்ளுத்தாத்தாவும் இளையதாரத்துத் தம்பிகளும். பிராதின் சாரம் இதுதான்: தாவா நிலம் என் தாயாருக்கு அவளுடைய தகப்பனார் கல்யாணக் காலத்தில் மஞ்சள்காணியாகக் கொடுத்தது. தாயார் இறந்த பிறகு ஸ்ரீதனம் மகளான எனக்குச் சேர வேண்டும். தகப்பனார் இருந்தவரை அவர் எனக்காக அனுபவித்துவந்தார். இப்போது தம்பிமார் தர மறுக்கிறார்கள்.

அந்த இடத்தில் தாயாரின் பெயர் இருக்கிறது. பூச்சி அதைத் தொடவில்லை.

பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பங்காளிகளில் சிலருக்கு இந்த வழக்கு இன்னும் ஆறவில்லை என்பது எனக்கே இந்தத் தேடலில்தான் தெரிந்தது. நூறு வருஷம் கழிந்த விஷயத்துக்கு, "எதுக்கு இதையெல்லாம் கிளர்றே?" என்று ஒரு சித்தப்பா போனில் கத்தினார்.

வக்கீலாக இருக்கும் சிநேகிதியிடம் காட்டினேன். அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் காலத்து இந்துச் சட்டமான மிதாட்சர முறைப்படி பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கல்யாணத்தில் கொடுத்த சொத்து முதலில் மகளுக்குத்தான் போகும், மகன் அதற்கப்புறம்தான் என்றாள். நான் கேட்டேன்: "அப்போ அந்த அம்மா ஏன் பணத்தை வாங்கிட்டு விடணும்?" காலக்கெடு என்றாள். பன்னிரண்டு வருஷம் ஒருவர் தன் சொந்தம் என்று அனுபவித்துவிட்டால் நிலத்தை மீட்க முடியாது. மைனராக இருந்தவளுக்கு வயது வந்த பிறகு மூன்று வருஷம் சலுகை உண்டு, அதுவும் போய்விட்டது. தகப்பன் அனுபவித்தது மகளுக்காகத்தான் என்று அவள் நிரூபித்தாக வேண்டும். பிரதிவாதிகளோ, மஞ்சள்காணியே கிடையாது, நிலம் தகப்பனார் கிரயம் வாங்கியது என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், தம்பி அதைச் சொல்லும்போது தன் தாயின் சொத்தைத் தாயினுடையது இல்லை என்கிறான். சாட்சி பலவீனம், செலவு வேறு. ராஜியில் முடிந்தது.

சாட்சிகளில் ஒருத்தி அந்த ஊர் மருத்துவச்சி. இரண்டு பிரசவமும் தான்தான் பார்த்ததாகச் சொல்கிறாள்: முதலில் பெண், மூன்று நான்கு வருஷம் விட்டு ஆண். வயது கேட்டதற்கு, தெரியாது, தலை நரைத்துவிட்டது என்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் கல்யாணத்தில் நிலம் கொடுத்ததை நீ பார்த்தாயா என்று மடக்குகிறார். பத்திரம் எழுதியதைப் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் காட்டுத் துவரையை அறுத்ததும் ஒரு பங்கு தம்மம்பட்டிக்கு வண்டியில் போகும், அது எனக்குத் தெரியும் என்கிறாள். எப்போது இறந்தாள்? பஞ்சம் விட்டு மழை பேய்ந்த வருஷம், காய்ச்சலில். வயிற்றில் பிள்ளை இருந்ததா? இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

கேட்ட கேள்விக்கு அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. எழுதிய குமாஸ்தா அதை விட்டிருக்கலாம், விடவில்லை. யார் அவர் என்று தெரியாது, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆக எள்ளுப்பாட்டியைப் பற்றி இப்போது என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவு. தம்மம்பட்டிப் பக்கத்தில் பிறந்தவள். மூத்தவள் பிறந்த காலத்தை வைத்துப் பின்னோக்கிப் போனால் 1850களின் நடுவில் பிறந்திருக்கலாம். மனைவியே ஆனாலும் உடலுறவுக்கான சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே 1891-ல் நாடு ரெண்டுபட்டது என்றால், அதற்கு இருபது வருஷம் முந்தி இவளுக்கு எந்த வயதில் கல்யாணம் நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஒரு காட்டைக் கொண்டுவந்தாள். அதன் விளைச்சலில் ஒரு பங்கைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள், அல்லது அனுப்ப வைத்தாள். எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது இந்தத் துவரை வண்டிதான். பஞ்சத்தை ஐந்தாறு வயதுப் பெண்ணோடும் கைப்பிள்ளையோடும் தாண்டினாள். மழை வந்த பிறகு, இருபத்து இரண்டு இருபத்து மூன்று வயதில், கர்ப்பிணியாகச் செத்தாள். புருஷன் அப்புறம் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார்.

பூவாடைக்காரி கும்பிடு எப்போது தொடங்கியது என்பதற்கு அத்தையிடம் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவுக்குக் குழந்தைகள் தக்கவில்லை, மூன்று போய்விட்டன, கோடாங்கியிடம் குறி கேட்டார்கள், வீட்டுப் பொம்பளை ஒருத்தி மனசு குளிராமல் இருக்கிறாள் என்று சொன்னான், அன்றைக்கு வைத்த புடவைதான் என்பார். தாத்தா 1910 வாக்கில் பிறந்தவர். அப்படியென்றால் புடவை வைத்தது ராஜி முடிந்து சில வருஷங்களுக்குள். கோடாங்கி சொன்ன அந்தப் பொம்பளை செத்துப்போன தாயா, அடுத்த தாலுகாவில் உயிரோடு இருந்த அக்காவா என்று யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. உயிரோடு இருப்பவளுக்குக் காட்டைத் திருப்பித் தர வேண்டும், செத்தவளுக்குப் புடவை போதும். இது என் ஊகம்தான், ருசு கிடையாது. அத்தையிடம் சொன்னபோது, "வாயக் கழுவு" என்றார்.

அக்காவின் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். விடுதலைப் பத்திரத்தில் அவளுடைய புருஷன் பெயரும் ஊரும் இருந்தன. அந்த ஊர்க்காரர் ஒருவர் மூலம் ஒரு போன் நம்பர் கிடைத்தது. எடுத்தவர் எண்பது வயதைத் தாண்டியவர், அக்காவின் பேத்தி. எனக்குப் பெரியம்மா முறை ஆகிறது என்று இரண்டு பேரும் போனிலேயே விரல்விட்டு எண்ணி முடிவு செய்தோம்.

"உங்க அப்பாயியைப் பெத்தவங்க பேரு தெரியுமாங்க பெரியம்மா?"

"தெரியாம என்ன? அது எம் பேருதானே."

மூத்த பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயர் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். அந்த அப்பாயியோ, பேத்திக்குத் தன் பெயர் வேண்டாம், தன்னைப் பெற்றவள் பெயரை வை என்று பிடிவாதம் பிடித்து வைக்கச் சொன்னாராம். இவருடைய பேத்தி ஒருத்திக்கும் அதே பெயர். ஸ்கூலில் நன்றாக இல்லை என்று கடைசியில் ஓர் எழுத்து சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். ஐந்து தலைமுறையாக நாங்கள் பெயரில்லாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தவளை, அவர்கள் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடைக்கு அனுப்பி, பாடம் படிக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. "உங்க வீட்ல அப்படியா செய்றீங்க? சரி, செய்யுங்க" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"அந்தத் தொவரக் காடு இப்ப யாரு கையில இருக்குது?"

விற்றாகிவிட்டது, எங்கள் தாத்தா காலத்திலேயே, என்றேன்.

"எவ்வளவுக்கு?"

தெரியாது என்றேன். பத்திரம் இருக்குமல்லவா, பார்த்துச் சொல் என்றார். டிகிரி நகலையும் ஜெராக்ஸ் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார், பேரன் ஒருவன் சட்டம் படிக்கிறானாம்.